பழைய பதிப்பில் எழுதிய ஆய்வேடு செல்லாதா?

இந்த முறை கடிதம் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. எழுதியவருக்கு 34 வயது. பள்ளி ஆசிரியை, இரண்டு குழந்தைகளின் அம்மா, ஆங்கிலத் துறையில் பகுதிநேர பிஎச்டி ஆய்வாளர். நெல்லைச் சீமையைப் பற்றிப் பாதிரிமார்கள் எழுதியதையும் இந்த மண்ணின் எழுத்தாளர்கள் எழுதியதையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிற ஆய்வு. 286 பக்கம் எழுதி முடித்துவிட்டார். கடைசியில் உள்ள நூற்பட்டியலில் 412 பதிவுகள். ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸ் கொடுக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

சிக்கல் இங்கேதான். மேற்கோளையும் நூற்பட்டியலையும் எப்படி எழுதுவது என்று சொல்கிற எம்எல்ஏ கையேட்டில், அவருடைய கைடு தன் காலத்தில் பழகிய ஏழாம் பதிப்பின்படி எழுதச் சொன்னார், இவரும் அப்படியே எழுதினார். போன மாதம் நடந்த டிசி (ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டி) மீட்டிங்கில் வெளியிலிருந்து வந்த உறுப்பினர், "இதெல்லாம் காலாவதியான முறை, ஒன்பதாம் பதிப்புக்கு மாற்றுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். கைடு, "அவர் அப்படித்தான் சொல்வார், விடும்மா" என்கிறார். டிடிபி சென்டரில் ஒரு பதிவுக்கு 30 ரூபாய் வீதம் 12,360 ரூபாய் கேட்கிறார்கள். கல்வியியல் துறைத் தோழி, பேசாமல் ஏபிஏ என்ற இன்னொரு மேற்கோள் முறைக்கு மாறிவிடு என்கிறார். நடுவில் இவரே ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் அறுபது பதிவுகளைக் கொடுத்து மாற்றச் சொல்ல, திரும்பி வந்ததில் இரண்டு நூல்கள் இவர் கேள்வியே படாதவை. "பழைய பதிப்பு என்று தீசிஸைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா? மாற்றினால் பிளேஜியாரிசம் (எழுத்துத் திருட்டு) சதவீதம் ஏறுமா? எனக்கு இனி காலம் இருக்கிறதா?" என்று கேட்கிறார். கடிதத்தின் அடியில் தன் பெயரைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சகோதரி, முதலில் கொஞ்சம் மூச்சு விடுங்கள். பழைய பதிப்பு என்பதற்காக மட்டும் உங்கள் ஆய்வேடு செல்லாமல் போகாது. கல்லூரி நூலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான். ஆய்வேடுகள் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். பட்டியலில் ஊர்ப் பெயர் கூடுதலாக இருந்தது என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

எம்எல்ஏ என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு மாணவி "எம்எல்ஏ ஒன்பது மாத்தணுமாம்" என்று போனில் புலம்ப, பக்கத்தில் நின்ற பெரியவர் "எந்தத் தொகுதி தாயி?" என்று கேட்டாராம். ஒரு வகையில் பெரியவர் கேட்டது சரிதான். புதிய பதிப்பும் தொகுதி எது என்று கேட்கத்தான் செய்கிறது. சொல்கிறேன்.

யார் சொல்வதைக் கேட்பது

எம்எல்ஏ, அதாவது மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன், என்பது அமெரிக்காவில் உள்ள ஒரு மொழி, இலக்கிய ஆய்வாளர் சங்கம். அவர்களுடைய கையேட்டின் முதல் பதிப்பு 1977இல் வந்தது. ஏழாம் பதிப்பு 2009, எட்டாம் பதிப்பு 2016, ஒன்பதாம் பதிப்பு 2021. அந்தச் சங்கத்துக்கு உங்கள் ஆய்வேட்டின் மேல் எந்த அதிகாரமும் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும் இந்த முறையில்தான் எழுத வேண்டும் என்று கட்டளை போடவில்லை. அதிகாரம் இருப்பது உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடு வழிகாட்டுக் கையேட்டுக்கு. அதை எடுத்துப் பாருங்கள். "ஏழாம் பதிப்பு" என்று எண்ணோடு போட்டிருந்தால் கைடு சொன்னது சரி. "அண்மைப் பதிப்பு" என்று இருந்தால் டிசி உறுப்பினர் சொன்னது சரி. ஒன்றுமே சொல்லாமல் "எம்எல்ஏ முறை" என்று மட்டும் இருந்தால், நீங்களும் கைடும் பேசி முடிவு செய்யலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறொன்று. டிசி உறுப்பினர் சொன்னது மீட்டிங் மினிட்ஸில் எழுதப்பட்டதா, போகிற போக்கில் வாயால் சொன்னதா என்று நீங்கள் எழுதவில்லை. மினிட்ஸில் ஏறிவிட்டால் அதைச் செய்தே ஆக வேண்டும். செய்யாமல் விட்டால் சினாப்சிஸ் சமயத்தில் "சொன்னது என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். அப்போது கைடு சொன்ன "விடும்மா" உங்களுக்குத் துணைக்கு வராது. ஏறவில்லை என்றால், எந்தப் பதிப்பு என்பதைக் கைடிடம் ஒரு மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சண்டைக்காகக் கேட்பதில்லை. "ஐயா, ஒன்பதாம் பதிப்பின்படி மாற்றிவிடட்டுமா?" என்று ஒரு வரி போதும். பெரும்பாலும் "சரி" என்றுதான் பதில் வரும்.

என் யோசனையைக் கேட்டால், மாற்றிவிடுங்கள். வெளி மாநிலத்தில் உட்கார்ந்து உங்கள் ஆய்வேட்டைப் படிக்கப் போகிற தேர்வாளர் கையில் ஒன்பதாம் பதிப்புதான் இருக்கும். அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் நினைக்கிற அளவுக்கு அதில் வேலை இல்லை.

உண்மையில் மாறியது என்ன

பெரிய மாற்றம் ஒன்பதில் நடக்கவில்லை, எட்டில் நடந்தது. அதுவரை நூலுக்கு ஒரு விதி, இதழுக்கு ஒரு விதி, இணையத்துக்கு ஒரு விதி என்று தனித்தனியாக மனப்பாடம் செய்தோம். 2016இல் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை வைத்தார்கள்: ஆசிரியர், தலைப்பு, அது இடம்பெற்றிருக்கும் பெரிய தொகுப்பு, பங்களித்த மற்றவர்கள், பதிப்பு, எண், வெளியீட்டாளர், தேதி, இடம் (ஊர் அல்ல, பக்க எண்ணோ இணைய முகவரியோ). மொத்தம் ஒன்பது கூறுகள். இருப்பதைப் போட வேண்டும், இல்லாததைத் தாண்டிப் போகலாம். ஒன்பதாம் பதிப்பு இந்த வரிசையைத் தொடவில்லை. எடுத்துக்காட்டுகளைக் கூட்டியது, குறிப்புகள் எழுதுவது பற்றியும் யாரையும் புண்படுத்தாத மொழி பற்றியும் அத்தியாயங்கள் சேர்த்தது. அதனால் உங்கள் பட்டியல் ஏழிலிருந்து ஒன்பதுக்குப் போகிறது என்றாலும், நீங்கள் தாண்ட வேண்டிய வாய்க்கால் ஒன்றே ஒன்றுதான்.

ஓர் இதழ்க் கட்டுரையைப் பாருங்கள். தலைப்புக்குப் பிறகு உங்கள் பட்டியலில் இப்படி இருக்கும்: 12.3 (2014): 45–58. அச்சு. இனி அது இப்படி ஆகும்: தொகுதி 12, எண் 3, 2014, பக். 45–58. அவ்வளவுதான். புள்ளி வைத்த 12.3 என்ன என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை, தொகுதி எது, எண் எது என்று பெயர் சொல்லியே எழுதுகிறோம். கடைசியில் இருந்த "அச்சு", "வலை" என்ற சொற்கள் போய்விட்டன. ஏழாம் பதிப்பு வேண்டாம் என்று விட்ட இணைய முகவரி திரும்பி வந்திருக்கிறது. பார்த்த தேதி இப்போது கட்டாயமில்லை. மாறக்கூடிய பக்கம் என்றால் போடுங்கள்.

நூல்களுக்கு ஊர்ப் பெயர் போய்விட்டது. வெளியீட்டாளரும் ஆண்டும் போதும். இது எம்எல்ஏவின் தனி ஆசை என்று நினைக்க வேண்டாம். ஏபிஏ 2019இல் வந்த தன் ஏழாம் பதிப்பில் இதைச் செய்தது, சிகாகோ என்ற இன்னொரு மேற்கோள் கையேடு 2024இல் வந்த தன் பதினெட்டாம் பதிப்பில் செய்தது. ஆனால் உங்கள் ஆய்வுக்கு இதில் ஒரு விலக்கு முக்கியம். 1900க்கு முந்தைய நூல்களுக்கு ஊரைப் போடலாம், அங்கே வெளியீட்டாளரை விட்டுவிடலாம். கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாறு 1881இல் சென்னை அரசு அச்சகத்தில் அச்சானது. அதற்கு "மெட்ராஸ், 1881" என்று இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு 412லிருந்தும் ஊரை அழித்துவிடாதீர்கள். ஆசிரியரே பாளையங்கோட்டையில் அச்சடித்து வெளியிட்ட சிறு நூல்கள் உங்களிடம் இருக்குமே, அவற்றுக்கும் நானாக இருந்தால் ஊரை விட்டுவைப்பேன். டெல்லியில் இருப்பவருக்கு அந்த வெளியீட்டாளர் யாரென்று தெரியாது, ஊர் தெரிந்தால்தான் தேடிப் பிடிப்பார்.

286 பக்கத்துக்குள் அடைப்புக்குறியில் போட்டிருக்கிறீர்களே, ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும், அந்த முறை அப்படியேதான் இருக்கிறது. இதைப் படித்ததும் உங்களுக்குப் பாதி பாரம் இறங்கியிருக்க வேண்டும். எங்கள் தலைமுறை அடிக்கோடுகளோடு மாரடித்தது. நூல் தலைப்புக்கெல்லாம் டைப்ரைட்டரில் திரும்பிப் போய்க் கோடு அடிக்க வேண்டும். என் எம்பில் ஆய்வேட்டில் தட்டச்சர் உற்சாகம் மிகுந்து என் பெயருக்கும் கோடு அடித்துவிட்டார். அடிக்கோட்டை எடுத்துவிட்டுச் சாய்வெழுத்து என்று ஆக்கியது நீங்கள் பயன்படுத்திய அதே ஏழாம் பதிப்புதான். அதுவும் ஒரு காலத்தில் புதுசு!

ஏபிஏவுக்கு மாறுவது மட்டும் வேண்டாம். அது ஆண்டை முன்னே வைக்கிற முறை, சமூக அறிவியலுக்குப் பொருந்தும். உங்களுக்கு உள்ளே இருக்கிற ஒவ்வோர் அடைப்புக்குறியையும் மாற்ற வேண்டிவரும்.

பெயர்தான் உண்மையான வேலை

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் வ.உ.சி., "பிள்ளை, வ.உ. சிதம்பரம்" என்று பி வரிசையில் இருக்கிறார். கம்ப்யூட்டர் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு திருப்பிப் போட்டிருக்கிறது. உள்ளே "(பிள்ளை 45)" என்று இருக்கிறது. நம் சீமையைப் பற்றிய ஆய்வில் எத்தனை பிள்ளைமார் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வ.உ.சி. எழுதியதை நம் ஊரில் யாராவது பிள்ளை எழுதியது என்று சொல்வார்களா?

ஐரோப்பியப் பெயரின் கடைசிச் சொல் குடும்பத்தின் பெயர். நம் பெயரின் கடைசியில் இருப்பது அவரவர் சொந்தப் பெயராக இருக்கும், சாதிப் பட்டமாக இருக்கும், இப்போதெல்லாம் அப்பா பெயராகவோ கணவர் பெயராகவோகூட இருக்கும். எந்தப் பதிப்பு வந்தாலும் இதை உங்களுக்காகத் தீர்த்துவைக்காது. நூலகத் துறையின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ் சீர்காழி, ஆர் அப்பா ராமாமிருதம், ரங்கநாதன்தான் அவர். "ரங்கநாதன், எஸ்.ஆர்." என்று போட்டால் தற்செயலாகச் சரியாக அமைந்துவிடுகிறது. இனிஷியல் எழுத்தாகவே நிற்கும்வரை வம்பில்லை. பட்டமோ ஊரோ சேர்ந்தால்தான் தகராறு.

நான் செய்வது இப்படி. வ.உ.சி.யை "சிதம்பரம் பிள்ளை, வ.உ." என்று போடுவேன். தோப்பில் முகமது மீரானை "மீரான்" என்று உடைக்காமல் "முகமது மீரான், தோப்பில்" என்று போடுவேன். புதுமைப்பித்தன் புதுமைப்பித்தனே. புனைபெயரைத் திருப்பவும் வேண்டாம், காற்புள்ளியும் வேண்டாம். வண்ணதாசன் கதைக்கு ஒரு பெயர், கவிதைக்குக் கல்யாண்ஜி என்று இன்னொரு பெயர் வைத்திருக்கிறார். எந்த நூலில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதையே போட்டு, ஓரிடத்தில் இரண்டும் ஒருவரே என்று குறியுங்கள். முன்னுரைக்குப் பின்னால் "பெயர்களைப் பற்றி" என்று அரைப் பக்கம் எழுதி இந்த முறையைச் சொல்லிவிட்டால், வாய்மொழித் தேர்வான வைவாவில் யாரும் உங்களை மடக்க முடியாது. ஒன்று கவனம்: பட்டியலில் பெயரை மாற்றினால் உள்ளே அடைப்புக்குறியிலும் அதே பெயர் வர வேண்டும். இங்கேதான் நேரம் பிடிக்கும்.

புண்படுத்தாத மொழி என்ற புது அத்தியாயத்தைச் சிலர் அமெரிக்கப் பிரச்சினை என்று ஒதுக்குகிறார்கள். நம் ஊர்க்காரருக்கு அது புரியாமல் போகாது. 1849இல் கால்டுவெல் எழுதிய சிறு நூலின் தலைப்பிலேயே ஒரு சாதிப் பெயர் இருக்கிறது. அந்த மக்கள் அதை இழிவாகக் கருதி எதிர்த்தார்கள். 1921இல் அரசுப் பதிவில் நாடார் என்று மாறியது. நூலின் தலைப்பை நீங்கள் திருத்தக் கூடாது, அச்சில் உள்ளபடியே பட்டியலில் போட வேண்டும். ஆனால் உங்கள் சொந்த வாக்கியத்தில் அந்தப் பழைய சொல்லைப் புழங்காதீர்கள். மேற்கோளுக்குள் வந்தால் அது மேற்கோள் என்று தெரிய வேண்டும். உங்கள் இரண்டாம் இயலில் இது இரண்டு மூன்று இடத்தில் கலந்து கிடக்கிறது. பதிப்பு எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அதைச் சரிசெய்யுங்கள்.

சதவீதம், செயலி, காலம்

பிளேஜியாரிசம் சதவீதம் ஏறாது. யுஜிசியின் 2018 விதிகளின்படி நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை இவையெல்லாம் கணக்கில் வராது. முறையாகப் பெயர் சொல்லி எடுத்த மேற்கோளும் வராது. பத்து சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் நாற்பது வரை போனால் திருத்தி, ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்கச் சொல்வார்கள். பட்டியலைக் கழிக்காமல் மென்பொருளை ஓட்டிவிட்டு "இருபது காட்டுதே" என்று பயமுறுத்துகிற கடைகள் உண்டு. கழித்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

செயலி விஷயத்தில்தான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. இல்லாத நூல் இரண்டு பட்டியலில் நுழைந்தது, பதிப்பு மாறிப்போனதைப் போல நூறு மடங்கு ஆபத்து. ஆய்வேட்டோடு இது என் சொந்த உழைப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். வைவாவில் ஒருவர் "இந்தப் புத்தகத்தை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அந்த இரண்டு மட்டும்தான் கண்ணில் பட்டது, மீதி ஐம்பத்தெட்டிலும் ஆண்டோ பக்கமோ மாறியிருக்கலாம். அந்த அறுபதையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய பட்டியலிலிருந்தே தொடங்குங்கள். செயலியைத் தொடவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எம்எல்ஏ 2023இலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறது: செயலியை ஆசிரியராகப் போடாதே, அது தந்ததை எடுத்தாண்டால் குறிப்பிடு, அது காட்டுகிற நூல்களை நீயே சரிபார். உங்கள் பல்கலைக்கழகம் தனியாக ஏதாவது விதி வைத்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

12,360 ரூபாயையும் கொடுக்காதீர்கள். டிடிபி பையன் அதே செயலியில் போட்டு எடுத்துத் தந்தால் உங்களுக்குத் தெரியவா போகிறது? சொடெரோ என்று இலவச மென்பொருள் இருக்கிறது. விவரங்களைப் பெட்டி பெட்டியாக ஒரு தடவை ஏற்றிவிட்டால், பதிப்பை மாற்றுவது ஒரு சொடுக்குதான். பெயர்ப் பெட்டியில் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு இருக்கும். புனைபெயருக்கு அதை ஒற்றைப் பெட்டியாக மாற்றிக்கொள்ள ஒரு சின்னப் பொத்தான் உண்டு. மற்றவர்களுக்கு "சிதம்பரம் பிள்ளை" முழுவதையும் கடைசிப் பெயர்ப் பெட்டியிலேயே போடுங்கள். ஒரு நாளைக்கு 25 பதிவு என்று வைத்தால் 17 நாளில் முடியும். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம். நூலைக் கையில் வைத்தோ, தலைப்புப் பக்கத்தின் படத்தைப் பார்த்தோ ஏற்றுங்கள்.

காலத்தைப் பற்றி: பிஎச்டிக்கு ஆறு ஆண்டு உச்சவரம்பு. பெண் ஆய்வாளர்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு கொடுக்க யுஜிசியின் 2016 விதிகளிலும் 2022 விதிகளிலும் இடமிருக்கிறது. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக மொத்தம் 240 நாள் வரை விடுப்பும் உண்டு. நீங்கள் பதிவு செய்த தேதியை எழுதவில்லை. கெடு நெருங்குகிறது என்றால் நீட்டிப்பு விண்ணப்பத்தைக் கெடு முடிவதற்கு முன்பே, எழுத்து மூலமாக, கைடு பரிந்துரையோடு கொடுத்துவிடுங்கள். அது கிடைத்தால் உபயோகிக்காமல் போனாலும் நஷ்டமில்லை.

அப்புறம், கடிதத்தின் அடியில் எழுதியிருந்தது. உங்கள் முதல் கட்டுரையை அனுப்பும்போது இணையப் படிவம் கடைசிப் பெயர் கட்டாயம் என்று அடம்பிடிக்க, இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டிருக்கிறீர்கள். இப்போது இரண்டு பேர் உங்கள் கட்டுரையை அப்பா பெயரில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற அப்பாவிடம் சொன்னபோது, "நான் எப்ப ம்மா எழுதுனேன்?" என்று சிரித்தாராம். நானும் சிரித்துவிட்டேன். அச்சானதை மாற்றுவது கஷ்டம். ஆனால் ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்க்கிட் எண் ஒன்றை இலவசமாகப் பதிந்துகொள்ளுங்கள். அங்கே கடைசிப் பெயர் கட்டாயமில்லை, வேறு எந்தெந்தப் பெயர்களில் அச்சாகியிருக்கிறீர்கள் என்றும் சேர்க்கலாம். அடுத்த கட்டுரையில் கடைசிப் பெயர்ப் பெட்டியில் உங்கள் பெயரையும், முதற்பெயர்ப் பெட்டியில் இனிஷியலையும் போடுங்கள். ஆய்வேட்டின் நூற்பட்டியலில் உங்கள் பழைய கட்டுரையைச் சேர்த்திருந்தால், அது அச்சானபடி அப்பா பெயரிலேயே இருக்கட்டும்.